புது நீத்துப்பெட்டி

அன்பு மகளுக்கு,

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து குசினியில்தான் நிற்கிறேன். சமையல் இல்லை, கழுவல். உனக்குச் சீலியாக் வருத்தம் என்றார்களே, கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளுட்டன் என்ற புரதம் துளியும் படக் கூடாதே. பழைய நீத்துப்பெட்டியை எறிந்துவிட்டேன். கோதுமை மாப் புட்டும் அரிசிமாப் புட்டும் மாறி மாறி அவிந்த பெட்டி. ஓலைப் பின்னலுக்குள் போன மா எந்தக் கழுவலுக்கும் வராது. சந்தையில் புதிதாக இரண்டு வாங்கினேன். அரிதட்டும் புதிது. இடியப்ப உரலைக் கொதிநீரில் ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுத்தேன். உள்ளே பழைய மா காய்ந்து கல்லாகிக் கிடந்தது. இதிலா இவ்வளவு நாளும் பிழிந்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

பாண் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்று நீ சொன்னபோதெல்லாம், வாய்வு, உள்ளி ரசம் வைத்துக் குடி என்றுதானே சொன்னேன். இரும்புக் குளிசை வருஷக் கணக்காகப் போட்டும் இரத்தம் ஏறாததற்கும் இதுதான் காரணம் என்று இப்போதுதான் விளங்குகிறது. பள்ளிக்கூடத்தில், சாப்பாட்டின் சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் சடைமுளைகள் என்று படம் கீறினாயே, குளுட்டன் பட்டால் உன் உடம்பே அவற்றை அழிக்கிறதாம். பிறகு இரும்பு எங்கே ஒட்டும்? 95 இடப்பெயர்வில் சாவகச்சேரியில் நிவாரண மாவில் றொட்டி சுட்டுத் தந்தபோது நீ படுத்த பாடு நினைவுக்கு வருகிறது. அது இதனாலா, கிணற்றுத் தண்ணீராலா, யார் கண்டது.

ஒல்லாந்தில் டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்குக் கோதுமையில் முன்பே சந்தேகம் இருந்ததாம். 1944-45 பஞ்சத்தில் அங்கே பாண் கிடைக்காமல் போனது. ஊரே மெலிந்தபோது இந்த வருத்தமுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். எங்களுக்கு நிவாரணமாக வந்ததே கோதுமை மாதான், பார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். உனக்கு இதுதான் என்று தெரிந்த அன்றே நானும் பாணை விட்டேன். மகள் தின்னாததை நான் ஏன் தின்ன வேண்டும் என்ற வீம்பு. பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்று நீ சொன்னது மூன்று மாதம் கழித்துத்தான் நினைவு வந்தது. இரத்தம் கொடுத்தேன். கொழும்புக்குப் போய், ஒன்றும் இல்லை என்று வந்தது. சந்தோஷமாக டொக்டரிடம் நீட்டினேன்.

“பாண், றொட்டி சாப்பிடுறனீங்களோ அம்மா?”

“இல்லை, விட்டு மூண்டு மாசம்.”

அவர் தாளை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார். நான் செய்த இரத்தச் சோதனைக்கு டிடிஜி என்று பெயர். அது தேடுவது, இந்த வருத்தத்தில் உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியை. கோதுமை உள்ளே போகாவிட்டால் அது குறைந்துவிடும், பிறகு எதைப் பிடிப்பது? அந்தப் பிறபொருளெதிரி ஐஜிஏ என்ற வகையாம், அந்த வகையின் மொத்த அளவையும் பார்க்க வேண்டுமாம். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு வருத்தம் இருந்தாலும் சோதனை இல்லை என்று சொல்லிவிடலாம். இரத்தம் கொடுத்த இடத்தில் பாண் சாப்பிடுகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது ஆறு கிழமைக்குத் தினமும் இரண்டு துண்டு பாண், மருந்து போல. தம்பியிடம் சொல்லிவிடு, சோதிக்கும் வரைக்கும் அவன் பாணை விடக் கூடாது. குழாய் விட்டுக் குடலில் துண்டெடுத்துப் பார்ப்பதற்கும் இதே சட்டம்தான்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படாதே. சிவப்பரிசிமா, குரக்கன், ஒடியல், உழுந்து, பயறு எல்லாம் உனக்குச் சரி. மோசம் செய்வது எங்கள் தோசைதான். உழுந்தோடு கோதுமை மா கரைப்பது எங்கள் வழக்கம் என்பதை ஊரைவிட்டுப் போனவர்கள் மறந்துவிடுகிறார்கள். உனக்கு அரிசியும் உழுந்தும் மட்டும் அரைப்பேன். பருத்தித்துறை வடை, பனங்காய்ப் பணியாரம், கடை இடியப்பம் மூன்றிலும் கை வைக்காதே. பெருங்காயத்தூளைப் பார்த்துத்தான் திகைத்துப்போனேன், போத்தலில் பொடி எழுத்தில் கோதுமை மா! எத்தனை வருஷம் ரசத்தில் போட்டேன். மோல்ட் மாவும் வேண்டாம், அது பார்லி.

பெரியம்மா வந்து “ஒரு துண்டு திண்டா ஒண்டும் செய்யாது” என்பாள். அவளோடு நீ வாதாடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். சொண்டு ஊதாமல், மூச்சு அடைக்காமல் இருந்தால் அது வருத்தமே இல்லை என்பது அவள் கணக்கு. உள்ளே குடல் படும் பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

எனக்கு இன்னும் பத்தொன்பது நாள் பாண் இருக்கிறது. நீ வருவதற்குள் முடிந்துவிடும். முடியாவிட்டால் கோடிக்குள் நின்று தின்று, கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் உன் பக்கம் வருவேன்.

அன்புடன்,
அம்மா