பவானி தண்ணி வேணும்னா அட்டப்பாடி மலையையும் கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

பவானி ஆத்துல கேரளாக்காரங்க தடுப்பணை கட்டறாங்கன்னு மறுபடியும் உங்க பேப்பர்ல முதல் பக்கத்துல பாத்தேன். எழுதினது தப்புன்னு சொல்லலைங்க, கீழ இருக்கறவன் கேக்கத்தான் செய்வான். 2007ல காவிரி நடுவர் மன்றம் கேரளாவுக்குக் குடுத்த 30 டிஎம்சியில 6 டிஎம்சி பவானி பக்கத்துக்கு, அதைக் காட்டித்தான் அவங்களும் கட்டறாங்க, அந்த வழக்கு வாய்தாவெல்லாம் வக்கீலுங்க பாத்துக்கட்டும். நான் கேரளாவுல, பவானி ஓடி வர்ற அட்டப்பாடி மலையில அகளி பக்கம் குடியிருக்கற தமிழாளு. அணை அணைன்னு இத்தனை எழுதறீங்களே, அந்த ஆத்துக்குத் தண்ணி தர்ற மலையைப் பத்தி எப்பவாச்சும் கால் பக்கம் எழுதிருக்கீங்களா?

அட்டப்பாடின்னதும் கோயமுத்தூர்ல எல்லாரும் சைலன்ட் வேலியை நெனச்சுக்கறாங்க, எந்நேரமும் மழை, எங்க பாத்தாலும் பச்சைன்னு. முக்காலிங்கற ஊரைத் தாண்டி கிழக்க வாங்க, கதையே வேற. மேக்கு மலையே மழையெல்லாம் வாங்கிக்கும், அகளி, கோட்டத்தறை, ஷோலையூர்னு ஆனைகட்டி வரைக்கும் மழை மறைவு. அந்தப் பக்கத்து மலை மொட்டையானது தானா ஆனதில்லைங்க. ஜென்மிங்க, அதாவது பழைய நிலச்சுவான்தாருங்க காலத்துலயே கான்ட்ராக்டு விட்டு வெட்டுனாங்க, 1971ல கேரளா சர்க்கார் தனியார் காட்டை எடுக்க சட்டம் போடறதுக்குள்ள நல்ல மரமெல்லாம் லாரி ஏறிப் போயாச்சு. மலையாளத்துல இருந்து குடியேறுனவங்க, நம்ம கொங்கு பக்கமிருந்து போனவங்க (அதையும் சொல்லணுமில்ல), சரிவுல உழுதது, ஆடு மேச்சது, வேனலுக்கு வேனல் தீ வெச்சது எல்லாம் சேந்து மண்ணு ஆத்தோட போயிருச்சு. 1951 கணக்குல இங்க பத்துல ஒம்பது பேர் இருளர், முடுகர், குறும்பருன்னு ஆதிவாசி ஜனங்க, இப்ப பாதி கூட இல்லை. மலையும் நிலமும் ஒண்ணாத்தான் கைவிட்டுப் போச்சு.

அப்புறம் 1996ல ஜப்பான் கடன், ஐநூறு கோடி யென்னுக்கு மேல, அதை வெச்சு மலையை மீட்கறதுக்கு அஹாட்ஸ்னு (அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம்) கேரளா சர்க்கார் அமைப்பு ஒண்ணு வேலை பாத்துச்சு. மரம் நட்டாங்கன்னு சொன்னா அது பாதிதான். வேலையை கான்ட்ராக்டர் கையில குடுக்காம ஊர் விகசன சமிதின்னு ஒவ்வொரு ஆதிவாசி ஊர்லயும் கமிட்டி போட்டு அவங்க கையில குடுத்தாங்க, கணக்கும் அவங்கதான், கூலியும் அவங்களுக்குத்தான். இருளர் ஊர்ல ஊர்த் தலைவன் மூப்பன், அவனுக்குக் கீழ பண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன்னு பொறுப்புக்கு ஏற்கனவே ஆள் இருக்காங்க, அதுல மண்ணுக்காரன் சொல்லித்தான் விதைப்பே. அப்படி ஒரு ஏற்பாடு இருக்கற எடத்துல ஆபீசர் வந்து எந்தச் சரிவுல எதை நடணும்னு பாடம் எடுக்கறது தேவையே இல்லாத வேலைங்க.

உச்சியில ஆரம்பிச்சு கீழ எறங்கி வந்தாங்க. மண் வரப்பு, குழி, ஓடை ஓடைக்கு கல் தடுப்பு. ஒரு ஓடையில ஏறிப் பாருங்க, தடுப்புன்னா பெருசா ஒண்ணுமில்லை, முழங்கால் உசரத்துக்கு சிமெண்டு இல்லாம அடுக்குன கல்லு. மழைத் தண்ணி அதுல முட்டி நின்னு மண்ணை விட்டுட்டு கசிஞ்சு போகும், பின்னாடி ரெண்டு மூணு மழைக்கு வண்டல் படிஞ்சு அதுல மொதல்ல புல்லு, அப்புறம் யாரும் நடாமலே வேங்கைக் கன்னும் நெல்லிக் கன்னும் வந்துரும். வேரும் விதையும் மண்ணுக்குள்ள இருந்துட்டேதான் இருந்துச்சு, ஆடும் தீயும்தான் தலை தூக்க விடலை. வேனல்ல வறண்டு கெடந்த கொடுங்கரைப்பள்ளத்துல மறுபடி தண்ணி ஓடுனது இப்படித்தான். அந்தப் பள்ளம் நம்ம ஆனைகட்டி எல்லையை ஒட்டி ஓடி பவானியில சேருது, அந்தத் தண்ணிதான் பில்லூர் அணைக்குப் போகுது, கோயமுத்தூர் குடிக்குது. மலை மொட்டையா இருந்தா மொட்டை மண்டையில ஊத்துன மாதிரி அத்தனை தண்ணியும் ஒரே நேரத்துல வழிஞ்சு வந்துரும், மண்ணோட. பில்லூர்ல வண்டல் நெறஞ்சு போச்சுன்னு நீங்களே வருஷா வருஷம் போடறீங்க, அந்த வண்டல் எங்கிருந்து வருதுன்னு நெனச்சீங்க?

2010 வாக்குல ப்ராஜெக்ட் முடிஞ்சுது. கடன்ல வந்த திட்டம், காசு தீந்ததும் முடியத்தான் செய்யும். ஆனா மலை வேலை அப்படி முடியாதுங்க. தீக்கோடுன்னு ஒண்ணு இருக்கு, தீ தாண்டாம இருக்க தைப்பொறந்ததும் புல்லைச் செதுக்கி விடற பாதை, அதை வருஷா வருஷம் வெட்டணும். வெட்டாத எடத்துல சுக்குநாறிப் புல்லு ஆள் உசரத்துக்கு நிக்குது, அதுல ஒரு பீடித் துண்டு விழுந்தா போதும். உருண்ட கல்லை எடுத்து வெக்க ஆளில்லை, உண்ணிச்செடின்னு ஒரு களை வேற ஏறிட்டு வருது.

நான் கேக்கறது இதுதான். சிறுவாணி அணை இருக்கறது கேரளா மண்ணுல, காசு தமிழ்நாட்டோடது, 1973லயே ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு அதைக் கட்டி இன்னைக்கு வரைக்கும் நடத்திட்டு இருக்காங்க. கான்கிரீட்டுக்கு ஒப்பந்தம் போட முடியும்னா அந்த மலைக்கு ஏன் போடக்கூடாது? தீக்கோட்டுக்கும் கல் தடுப்புக்கும் வருஷாவருஷம் ஒரு தொகை, அது நேரா ஆதிவாசி ஊரோட சபையான ஊருகூட்டத்துக்கு. நம்ம பக்கம் ஆனைகட்டி சரிவுலயும் இதே வேலை, ஏன்னா பள்ளத்தோட ஒரு கரையை மட்டும் மூடி பிரயோஜனம் இல்லை.

காடு வந்தா யானை வருதுன்னு எங்க பக்கத்து வெவசாயிங்க சொல்றாங்க, நாளைக்கு இந்தக் கடுதாசிக்கு மறுப்பும் எழுதுவாங்க. வாழையை மிதிச்சுட்டுப் போனா எவனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும், நஷ்டஈடு வர்றதுக்குள்ள அடுத்த வாழையே வெட்டி முடிஞ்சிருது, அதையும் இந்த ஒப்பந்தத்துல சேக்கணும். ஆனா யானை காடு வர்றதுக்கு முன்னாடியும் வந்துட்டுதான் இருந்துச்சு, பவானிக்குத் தண்ணி குடிக்க.

அடுத்த தடவை தடுப்பணை செய்திக்கு நிருபரை அனுப்பறப்ப மாசி பங்குனியில அனுப்புங்க, ஆத்தோரத்துல போட்டோ எடுத்ததோட திரும்பாம ஷோலையூர் மேட்டுல ஏறி எந்தெந்தச் சரிவு கருகிருக்கு, எங்க தீக்கோடு வெட்டிருக்கு, எங்க வெட்டலைன்னு பாத்து அதையும் எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
அகளி பக்கத்து வாசகன்