தூரிகையும் புத்தகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓவியக் கல்லூரியா, பல்கலைக்கழகமா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே உள்ள ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளி என்ற ஓவிய, வடிவமைப்புக் கல்லூரியும் 2008 முதல் சேர்ந்து 5 ஆண்டுப் படிப்பை நடத்துகின்றன. முடிக்கும்போது கையில் இரண்டு பட்டங்கள். சுமை அதிகம்தான். வண்ணம் காய்வதற்குள் கட்டுரை எழுத உட்கார வேண்டும்.

ஆனால் அல்ட்ராமரின் நீலத்தைக் குழைக்கும் மாணவியை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய கல்லை அரைத்து எடுத்த நிறம் அது. அந்தச் சொட்டு நீலத்துக்குள் வேதியியலும் இருக்கிறது, வணிக வரலாறும் இருக்கிறது. இரட்டைப் பட்டம் முடியாதென்றால் சரி, ஓவிய மாணவர்கள் வரலாற்று வகுப்பில் உட்காரவாவது அனுமதியுங்கள்.

– ஒரு வாசகர்