பத்து வினாடி கொடுங்கள்

ஆசிரியருக்கு,

உள்ளூர் செஸ் போட்டிகள் பெருகிவருவதைப் பாராட்டி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்டு சரிதான். ஆனால் கட்டுரையாளர் கடிகாரத்தின் பக்கமே போகவில்லை.

சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுடன் ஆடினேன். எனக்கு வயது 58. ஆளுக்கு 25 நிமிடம், அதற்கு மேல் ஒரு வினாடி கிடையாது. கடைசிக் கட்டத்தில் என்னிடம் ஒரு யானை, இரண்டு சிப்பாய். அவனிடம் ஒரு யானை, ஒரு சிப்பாய். மெதுவாக உருட்டினால் வெல்லக்கூடிய ஆட்டம். கடிகாரத்தில் எனக்கு 11 வினாடி இருந்தது. பையன் பக்கவாட்டிலிருந்து செக் வைத்துக்கொண்டே இருந்தான். அவசரத்தில் என் கை பட்டு அவனுடைய சிப்பாய் உருண்டது. தட்டிவிட்டவர்தான் தன் நேரத்திலேயே எடுத்து வைக்க வேண்டும்; விதி அப்படி. வைத்து முடித்து நிமிர்ந்தால் கடிகாரம் பூஜ்யம் காட்டியது.

நேரம் தீர்ந்தபோது அவனிடம் வெறும் ராஜா மட்டும் இருந்திருந்தால், அதை வைத்து வெல்ல முடியாது என்பதால் டிரா. யானை இருந்ததால் தோல்வி. நடுவர் மீதோ பையன் மீதோ எனக்குக் குறையில்லை. கை கொடுத்தபோது அவன் விரல்களும் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில வினாடி கூட்டித் தரும் கடிகாரத்துக்கு முன்னாள் உலக செஸ் சாம்பியன் பாபி ஃபிஷர் 1980-களிலேயே காப்புரிமை கோரிவிட்டார். நம் நாட்டு வீராங்கனை கோனேரு ஹம்பி 2019-லும் 2024-லும் வென்ற உலக மகளிர் ரேபிட் (விரைவு செஸ்) போட்டியிலும் 15 நிமிடத்துடன் நகர்த்தலுக்கு 10 வினாடி உண்டு. நம் ஊர் அமைப்பாளர்களிடம் கேட்டால், 'ஒரே நாளில் ஏழு சுற்று முடிக்க வேண்டும் சார், இழுத்துக்கொண்டே போகும்' என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 60 நகர்த்தலுக்குக் கூடும் நேரம் 600 வினாடி, அதாவது 10 நிமிடம். 15-உடன் 10 சேர்ந்தால் அதே 25 நிமிடம்தான். அதைத் தாண்டி நீளும் ஆட்டங்கள் ஒரு சுற்றில் நாலைந்து இருக்கலாம். மதியச் சாப்பாட்டுப் பந்திக்கு ஆகும் தாமதத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

புதுக் கடிகாரம் வாங்கச் சொல்லவில்லை. அன்று எங்கள் மேசையில் இருந்த டிஜிட்டல் கடிகாரத்திலேயே அந்த வசதி இருந்தது. யாரும் அதைப் பொருத்தி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு.