கானாடுகாத்தான் முகாமுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் சாந்தா அம்மாவின் வாழ்க்கையைப் படங்களாக வைத்து, கூடவே பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாமும் கானாடுகாத்தானில் நடத்த நினைத்தோம். நல்லபடியாக நடந்தது. அன்று ஓட்டமும் நடையுமாக இருந்ததில் பலரிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. சொல்லாமல் விட்டதை எழுதியாவது சொல்லிவிட வேண்டும்.

முதலில், வீட்டைத் திறந்துவிட்ட ஆச்சிக்கு. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறக்கிற வீடு அது. புற்றுநோய் என்ற பேச்சை எடுத்தால் யாரும் இடம் தரமாட்டார்கள் என்று சிலர் எங்களைப் பயமுறுத்தியிருந்தார்கள். ஆச்சி விஷயத்தைக் கேட்டதும் சாவிக்கொத்தை எடுத்து வந்துவிட்டார்கள். "படத்தையெல்லாம் முகப்புல மாட்டுங்க. சோதனை பண்றது ரெண்டாங்கட்டுல இருக்கட்டும். அங்கதான் ஆம்பளைங்க நடமாட்டம் இருக்காது" என்று இடத்தையும் அவர்களே பிரித்துக் கொடுத்தார்கள். எத்தனையோ கூட்டம் போட்டுப் பேசியும் எங்களுக்குத் தோன்றாத யோசனை. படம் பார்க்க வருவதாகச் சொல்லி வீட்டை விட்டுக் கிளம்பிய பெண்கள், அப்படியே உள்ளே போய்ப் பரிசோதனையும் செய்துகொண்டது அந்த ஏற்பாட்டினால்தான்.

படங்களுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்த தமிழாசிரியைக்கு அடுத்த நன்றி. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் சர் சி.வி. ராமனும் சந்திரசேகரும் பிறந்த குடும்பத்துப் பெண் சாந்தா என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு, நமக்குப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டையிலிருந்து கதையைத் தொடங்கினார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையிலிருந்து வந்ததுதான் அடையாறு மருத்துவமனை. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தா அம்மாவும்தான் ஆரம்பத்தில் அங்கே மருத்துவர்கள்.

1927இல் மயிலாப்பூரில் பிறந்து, 1949இல் டாக்டருக்குப் படித்து முடித்தவர் சாந்தா அம்மா. மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு. தேர்வெழுதி அரசு ஆஸ்பத்திரி வேலையும் கையில் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண் டாக்டருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதை வேண்டாமென்று விட்டுவிட்டு, 1955இல் மாதம் 200 ரூபாய்க்கு அடையாறுக்குப் போனார். மருத்துவமனை வளாகத்திலேயே தங்க ஒரு இடம் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில், 93 வயதில், காலமாகும் வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு.

அவருடைய ஆராய்ச்சியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள் ஆசிரியை. வாய்ப்புற்று முற்றி வந்தவர்களைக் கைவிட்டுவிடுகிற காலத்தில், கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, பலன் இருப்பதைக் காட்டியவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுக்கும் தனி சிகிச்சை முறைகளை வளர்த்தார்கள். அப்புறம், 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்று வருகிறது என்று விடாமல் பதிவு செய்தார்கள். வெளியே தெரியாத வேலை அது. ஆனால், நம் பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்று இவ்வளவு வருகிறது, முற்றிய பிறகுதான் வருகிறார்கள் என்று அரசாங்கத்திடம் அடித்துச் சொல்ல அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. மகசேசே விருதையும் பத்ம விபூஷணையும் விட அந்தப் பதிவேட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து வந்து பேசிய அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கதிர்வீச்சு கொடுக்கிற பழைய கோபால்ட் மிசின் படத்துக்கு முன்னால் நின்று, "எனக்கு இதோட புது மிசின்ல கரண்ட் வச்சாங்க. மார்புல கட்டி. ஆச்சு, இப்ப பேரனைத் தூக்கிக்கிட்டு அலையுறேன்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு உள்ளே போவதற்குப் பெண்கள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள்.

நர்ஸ் சிஸ்டர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பரிசோதனை ஒன்றும் பெரிய வேலையில்லை, வினிகர் மாதிரி ஒரு திரவத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பார்ப்போம், வெள்ளையாகத் திட்டு தெரிந்தால்தான் மேற்கொண்டு சோதனை என்று ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் சொன்னார்கள். வெட்கப்பட்டவர்களை அவசரப்படுத்தவில்லை. ஒரு அப்பத்தா சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லை, துணைக்கு வந்தேன்" என்று தூணோரம் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெற்றிலையில் தொடங்கி, எந்தக் கடைப் புகையிலை என்பது வரைக்கும் விசாரித்து, கடைசியில் வாயைத் திறக்க வைத்துவிட்டார்கள். கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. இப்போது பெரியாஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள்.

வீடு வீடாகப் போய்ச் சொன்ன மகளிர் குழுவினர், பள்ளத்தூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் ஆட்களை ஏற்றி வந்து டீசல் காசோடு நிறுத்திக்கொண்ட வேன் தம்பி, கரண்ட் போனதும் கேட்காமலே ஜெனரேட்டரைக் கொண்டு வந்து இறக்கிய பந்தல்காரர், வெள்ளைப் பணியாரமும் மோரும் வந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்ட சமையல் அண்ணன்மார்கள், எல்லோருக்கும் நன்றி. மனைவியைக் கூட்டிவந்து, வெளித்திண்ணையில் பொறுமையாகக் காத்திருந்த கணவன்மார்களுக்கும்.

யாருக்கு என்ன வந்தது, எத்தனை பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினோம் என்று இங்கே எழுதமாட்டேன். நம்பி வந்தவர்களின் சொந்த விஷயம் அது. மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியவர்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போய்வரத் தெரிந்த பெண்கள் இரண்டொருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் சிலர் வந்தால் நல்லது. அன்றைக்கு வர முடியாதவர்கள், வாயில் மூன்று வாரமாக ஆறாத புண்ணோ மார்பில் கட்டியோ இருந்தால், அடுத்த முகாம் வரட்டும் என்று இருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். படங்கள் தமிழாசிரியையிடம் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைக்க வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே கொண்டுவந்து மாட்டித் தருகிறோம்.

அன்புடன்,
முகாம் நடத்திய பெண்கள் சார்பில்