நம் கோப்புறையின் சுமை யார் கணக்கில் ஏறுகிறது?

மண்டபம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சார்ஜாவில் மகள் வீட்டில் பேரப் பிள்ளைகளோடு நலமாக இருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். உன் கூகுள் கணக்கின் இடம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வருகிறது என்றும், கூகுள் டிரைவில் நாம் பகிர்ந்து வைத்திருக்கும் கரையோரக் குரல் பதிவுகளின் கோப்புறையிலிருந்து விலகிக்கொண்டால் இடம் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாய். விலக வேண்டாம். விலகினாலும் உனக்கு ஓர் எம்.பி. இடம்கூடத் திரும்பக் கிடைக்காது.

கூகுள் டிரைவில் இடத்தின் கணக்கு கோப்புறையைப் பார்த்து எழுதப்படுவதில்லை. கோப்பின் உரிமையாளரைப் பார்த்தே எழுதப்படுகிறது. ஒரே கருவாட்டு வாடியில் நாலு பேர் மீனைக் காயவைத்தாலும் அவரவர் மீன் அவரவருடையதாகவே இருப்பதைப் போன்றது இது. கோப்புறையைத் தொடங்கியவன் நான் என்றாலும், பாம்பன் பிள்ளைகள் ஏற்றிய பதிவுகள் அவர்கள் கணக்கில் இருக்கின்றன. கீழக்கரையிலிருந்து கொழும்புக்குப் போன தோணிகளைப் பற்றி உன் வாப்பா எழுதிவைத்த கணக்கேடுகளின் படங்களை நீ ஏற்றினாய் அல்லவா, அவை மட்டுமே உன் கணக்கில் இருக்கின்றன. மற்றவை உனக்குக் கண்ணில் தெரிந்தாலும், அவற்றைச் சட்டென்று திறக்க நீ குறுக்குவழி (ஷார்ட்கட்) வைத்திருந்தாலும், உன் இடத்தில் எதையும் எடுப்பதில்லை. ஆனால் பிறருடைய கோப்பைத் திறந்து 'நகலெடு' என்று கொடுத்தால் அந்த நகலுக்கு நீயே உரிமையாளன் ஆகிறாய். அதன் அளவு முழுவதும் உன் கணக்கில் ஏறிவிடும்.

பகிர்ந்த கோப்புறை எல்லாருடைய இடத்தையும் எடுக்கும் என்று உன் மகள் சொன்னதிலும் தவறில்லை. அவர் பயன்படுத்தும் டிராப்பாக்ஸ் என்ற சேமிப்புச் சேவையில் அதுதான் விதி. அங்கே இலவசக் கணக்குக்கு 2 ஜி.பி.தான் இடம், பகிர்ந்த கோப்புறையில் சேர்ந்துவிட்டால் அதன் முழு அளவும் சேர்ந்த ஒவ்வொருவர் கணக்கிலும் கழிக்கப்படும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் இதற்கு நேர் எதிர்: யார் ஏற்றினாலும் சுமை கோப்புறையின் சொந்தக்காரருக்கே. நம்மைப் போல ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிச் செய்யும் வேலைக்கு ஒன்டிரைவின் வழியே நியாயமானது என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையைத் தொடங்கியவரே செலவையும் ஏற்கட்டும்.

உன் இடத்தை நிரப்பியிருப்பது பெரும்பாலும் புகைப்படங்களாகவும் மின்னஞ்சல்களாகவும்தான் இருக்கும். கூகுள் தரும் 15 ஜி.பி. டிரைவுக்கு மட்டும் உரியதன்று. ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. அளவு குறைத்துச் சேமிக்கும் படங்களும் 2021 ஜூன் 1 முதல் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. டிரைவில் நீ அழித்தவைகூடக் குப்பைத்தொட்டியில் இருக்கும் 30 நாளும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதைத் தள்ளிப்போடாதே, இடம் முற்றிலும் தீர்ந்துவிட்டால் உனக்கு வரும் மின்னஞ்சல்களும் நின்றுவிடும்.

உன் கேள்விக்கு விடை இவ்வளவுதான். ஆனால் அதைத் தேடிப் படித்தபோது எனக்கு வேறொரு கவலை பிறந்தது. அதற்காகவே இதை நீட்டி எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால், நம் பதிவுகளில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான் சேர்ந்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் குணங்களைப் பெரியவர்கள் விளக்கியது, கரைவலை இழுப்பவர்கள் பாடிய அம்பாப் பாட்டு, பாசி எடுக்கப் போகும் பெண்கள் தீவுகளைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஒரே கோப்புறையில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை பல பிள்ளைகளின் கணக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. அவர்களில் ஒருவன் தன் கணக்கில் இடம் போதவில்லை என்று டிரைவில் பெரிய கோப்புகளைத் தேடி அழித்தால், நம் கோப்புறையிலிருந்தும் அந்தப் பதிவு போய்விடும். வெளிநாட்டு வேலைக்குப் போனவன் புதிய கணக்குத் தொடங்கிப் பழையதை மறந்துவிட்டாலும் ஆபத்துதான். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை உள்ளே இருப்பவற்றோடு நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. அந்தக் குரல்களுக்கு உரிய பெரியவர்களில் சிலர் இப்போது நம்மிடையே இல்லை என்பதை நீயும் அறிவாய்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே கணக்கின் உரிமைக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். கோப்புறையின் உரிமையை மாற்றினால் போதாது, உள்ளே இருக்கும் கோப்புகளின் உரிமை அதனால் மாறுவதில்லை. கோப்பின் உரிமையாளர் மாற்றித் தரவேண்டும், பெறுபவர் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஏற்ற பிறகே சுமை இடம் மாறும். இந்த வேலையைக் கணினியில் செய்வதே எளிது.

அளவையும் கணக்கிட்டுப் பார்த்தேன். சுருக்காத வேவ் (WAV) வகை ஒலிப்பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி. எடுக்கும், 15 ஜி.பி.யில் 25 மணி நேரம்தான் அடங்கும். அதைச் சுருக்கி 128 கேபிபிஎஸ் தர எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு 1 எம்.பி. போதும். பேச்சுக்கு அது தாராளம். அம்பாப் பாட்டை மட்டும் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. அலையிரைச்சலுக்கு நடுவே எழும் அந்தக் கூட்டுக்குரல் பதிவான தரத்திலேயே இருக்கவேண்டும். எனவே இதற்கென்றே ஒரு தனிக் கணக்குத் தொடங்கி, 100 ஜி.பி. திட்டத்துக்கு நான் பணம் கட்டிவிடுகிறேன். குடும்பத் திட்டத்தில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தம்பி மகன் சொன்னான். அது கட்டணம் கட்டி வாங்கிய இடத்தைப் பங்கிடுவதே தவிர, கோப்புகளின் உரிமையை ஒன்றாக்குவதன்று. ஒருவர் அதிகம் நிரப்பினால் மற்றவர்களுக்குக் குறையவும் செய்யும். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் ராமநாதபுரத்தில் தம்பி வீட்டு ஹார்டு டிஸ்கிலும் இருக்கும்.

கணக்கின் கடவுச்சொல்லை உன்னிடமும் ஒரு பிரதி கொடுத்துவைக்க விரும்புகிறேன். என் ஒருவனிடம் மட்டும் இருப்பது சரியன்று. டிரைவில் 'சேமிப்பகம்' என்ற பக்கத்தைத் திறந்தால் உனக்கு உரிய கோப்புகள் மட்டும், பெரியது முதலாக வரிசையாகத் தெரியும். அதில் வாப்பாவின் ஏடுகள் எவை என்று மகளின் துணையோடு குறித்து அனுப்பு. அவற்றின் உரிமையைப் புதிய கணக்குக்கு மாற்ற உனக்குச் சம்மதமா, அல்லது குடும்பச் சொத்தாக உன் பெயரிலேயே வைத்திருந்து எங்களுக்கு ஒரு நகல் மட்டும் தருவாயா என்பதையும் எழுது. இரண்டில் எது உன் விருப்பமோ அப்படியே செய்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்