மைதானத்து கேட்டை காலை நாலரைக்கு திறந்து விடுங்க மேடம்: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

அனுப்புநர்: காலையில ஓடுற பெண்கள், பரீட்சைக்கு தயாராகுற பசங்க, பெரியவங்க எல்லார் சார்பாவும் ஒரு டெய்லர்.

பொருள்: மாவட்ட விளையாட்டு மைதானத்தை காலை 4.30 மணிக்கு திறந்து, விடியற வரைக்கும் லைட் போட்டுத் தரக் கேட்டு.

வணக்கம் மேடம்.

போன திங்கக்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துல வரிசையில நின்னு ஒரு பக்க மனு குடுத்துட்டு வந்தேன், ரசீதும் கையில இருக்கு. ஆனா அந்த ஒரு பக்கத்துல மைதானத்தை சீக்கிரம் திறக்கணும்னு மட்டும்தான் எழுத முடிஞ்சுது, ஏன் சீக்கிரம், யாருக்காக சீக்கிரம்னு சொல்லவே இல்ல, வீட்டுக்கு வந்ததுல இருந்து அதே நினைப்பா இருக்கு. அதான் இப்ப முழுசா எழுதறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்து படிங்க மேடம்.

நான் வீட்டுலயே மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறவ, வயசு 39. நாலு வருஷம் முன்னாடி சுகர் பார்டர்ல இருக்கு, தினம் நடங்கன்னு டாக்டர் சொன்னாங்க, நடந்தேன். நடந்துக்கிட்டு இருக்கும்போது ஒரு நாள் ஒரு கரண்ட் கம்பத்துல இருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடிப் பாத்தேன், மூச்சு வாங்கி நின்னுட்டேன், மறுநாள் ரெண்டு கம்பம், அடுத்த வாரம் அஞ்சு. அப்படித்தான் ஆரம்பிச்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு கோயம்புத்தூர் மாரத்தான்ல 21.1 கிலோமீட்டர் ஓடி முடிச்சேன். தெருவுல என்னைப் பாத்து பக்கத்து வீட்டு அக்கா வந்தாங்க, அவங்க பொண்ணு வந்துச்சு, அப்புறம் போலீஸ் பரீட்சைக்கு படிக்கிற பசங்க, ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர்னு இப்ப 30 பேருக்கு மேல ஆயிட்டோம், அதுல 17 பேர் பெண்கள். சங்கம் எல்லாம் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான்.

இப்ப மைதானம் காலையில 6 மணிக்கு திறந்து 9 மணிக்கு மூடறாங்க. உள்ள 8 லேன் சிந்தெடிக் டிராக் இருக்கு, அரசாங்கம் இவ்வளவு செலவு பண்ணி போட்டுக் குடுத்ததுக்கு நாங்க மனசார நன்றி சொல்றோம். ஆனா அந்த 6 மணியை நெனச்சுப் பாருங்க மேடம், அந்த நேரத்துல எந்த வீட்டுல எந்த பொம்பளையால வெளிய வர முடியும்? 6 மணிக்கு தண்ணி வரும், பிடிக்கணும், குக்கர் வைக்கணும், டிபன் பாக்ஸ் மூணு கட்டணும், 7.40க்கு ஸ்கூல் வேன் வந்துடும். எனக்கு கிடைக்கிறது நாலரையில இருந்து ஆறு வரைக்கும் உள்ள அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான், அது முழுக்க கேட் பூட்டியிருக்கு. சாயந்திரம் வரலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு. சாயந்திரம் கஸ்டமர் வந்து துணி வாங்கற நேரம், மறுபடி சமையல், பசங்க பாடம், அதோட 7 மணிக்கு மைதானமும் மூடிடும். இதை யாரும் வேணும்னு பண்ணலன்னு தெரியும், ஆனா அந்த 6 மணிங்கறது வீட்டு வேலை இல்லாதவங்களுக்கு ஒத்து வர்ற நேரம், எங்களுக்கு கேட் திறந்திருந்தும் பூட்டின மாதிரிதான்.

அதனால நாங்க பைபாஸ் ரோட்டுல ஓடுறோம். வேற வழியில்ல. இருட்டுல எதிர்ல வர்ற லாரி ஹைபீம் போட்டா கண்ணு கூசி கீழ பள்ளம் இருக்கா மேடு இருக்கான்னே தெரியாது, ரோட்டோர வெள்ளைக் கோட்டை பாத்துத்தான் கால் வைக்கணும். தார் ரோடு ஓரத்துல தண்ணி வடியறதுக்காக சரிவா போட்டிருப்பாங்க இல்லையா, அதுல தினம் ஒரே பக்கமா ஓடுனா ஒரு கால் மேல ஒரு கால் கீழன்னு ஆகி முட்டி வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பிச்சுடும், எங்க குரூப்புல பாதி பேருக்கு அந்த வலி இருக்கு. புதுசா ஓட வர்ற பசங்களுக்கு முன்னங்கால் எலும்பு வலி. நாய்ங்க வேற, அஞ்சாறு சேந்து துரத்துனா ஓடக்கூடாது, நின்னு திரும்பி நிக்கணும்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்து வச்சிருக்கோம், ஆனா 17 வயசு பொண்ணுக்கு அந்த நேரத்துல அது ஞாபகம் வருமா.

போன ஜனவரியில பனி ரொம்ப இறங்கியிருந்த ஒரு நாள், 5 மணி தாண்டி கொஞ்ச நேரம்தான் இருக்கும், எங்ககூட ஓடுற அக்கா ஒருத்தரை ஹெட்லைட் எரியாத ஒரு பைக் வந்து இடிச்சுட்டு நிக்காமலே போயிடுச்சு. மினுங்குற சட்டை போட்டுதான் ஓடினாங்க, ஆனா எதிர்ல வெளிச்சம் இருந்தாத்தானே அது மினுங்கும். தோள்பட்டை எலும்பு உடைஞ்சு ஆறு வாரம் கட்டு. எலும்பு கூடிடுச்சு மேடம், ஆனா அவங்க திரும்ப ஓட வரல, வீட்டுல விடல. அன்னைக்கு அவங்களைத் தூக்கி ஆட்டோவுல ஏத்தினது நான்தான், அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு "வீட்டுல சொல்லாத, நிறுத்திடுவாங்க"ன்னுதான் சொன்னாங்க. இந்த மனுவை எழுத வச்சதே அந்த வார்த்தைதான்.

துணியைப் பத்தியும் சொல்லணும், டெய்லர்ங்கறதால எனக்கு இது நல்லாத் தெரியும். ரோட்டுல ஓடுற பொண்ணுங்க சுடிதார் போட்டு துப்பட்டாவை குறுக்கால கட்டிக்கிட்டு ஓடுறாங்க, வேர்வையில காட்டன் துணி கனமாகி தொடையில உரசி தோல் வழண்டு போகுது, பேன்ட் கால் தட்டி விழறாங்க. டிராக் பேன்ட் போட்டா டீக்கடையில இருந்து ஏதாவது காதுல விழும். நானே பாலியஸ்டர் துணி எடுத்து சாவி வைக்க பாக்கெட்டோட டிராக் பேன்ட் தைச்சுக் குடுத்தேன், கூலி வாங்கல, ஆறு பொண்ணுங்க வாங்கிட்டுப் போனாங்க, அதுல நாலு பேர் இன்னும் ரோட்டுல அதைப் போடல. மைதானத்துக்குள்ளன்னா போடுவேன் அக்காங்கறாங்க. காம்பவுண்டு சுவரும் லைட்டும் இருந்தா அவங்களுக்கு அந்த தைரியம் வந்துடுது. ஷூவும் அப்படித்தான், ஓடுறதுக்குன்னு இருக்கிற ஒரு ஷூ 3000 ரூபாய்க்கு கம்மியா நல்லதா கிடைக்கிறதில்ல, 500ல இருந்து 800 கிலோமீட்டர்ல அடிப்பாகம் அமுங்கிப் போயிடும், அப்புறம் போட்டு ஓடுனா அடி நேரா எலும்புக்குத்தான். இவ்வளவு காசு குடுத்து மறுபடி மறுபடி வாங்க முடியாத பசங்க பழைய கேன்வாஸ்லயே தார் ரோட்டுல ஓடுறாங்க. அந்தக் காலுக்கு சிந்தெடிக் டிராக்கும், அதைச் சுத்தி இருக்கிற மண்ணும் எவ்வளவு நிம்மதின்னு ஓடுறவங்களுக்குத்தான் தெரியும்.

போலீஸ் தேர்வுக்கு ஓடுற பசங்க கதை இன்னும் வேற. இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வுல பசங்க 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும், பொண்ணுங்க 400 மீட்டரை 2 நிமிஷம் 30 செகண்டுல. 1500 மீட்டர்னா, ஒரு ரவுண்டு 400 மீட்டர் இருக்கிற டிராக்குல மூணே முக்கால் ரவுண்டு, 7 நிமிஷம்னா ஒரு ரவுண்டுக்கு 1 நிமிஷம் 52 செகண்ட். இந்தக் கணக்கு உடம்புல ஏறணும்னா அளந்த 400 மீட்டர் வேணும் மேடம். செவ்வாக்கிழமை 400 மீட்டர் வேகமா ஓடி, 90 செகண்ட் நின்னு மூச்சு வாங்கி, மறுபடி 400னு எட்டு தடவை ஓடணும், மத்த நாள்ல பேசிக்கிட்டே ஓடுற அளவுக்கு மெதுவா ஓடணும், ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். மெதுவானதையும் நீளமானதையும் வாய்க்கால் கரையில சமாளிச்சுக்கிறோம். அந்த செவ்வாக்கிழமை ஓட்டத்தை பைபாஸ்ல போன்ல தூரம் பாத்து ஓடவே முடியாது, வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கி எந்த ரவுண்டும் சரியா வராது. இந்தப் பசங்க பாதி பேர் மில்லுல முதல் ஷிப்டு, இல்லன்னா காலேஜ் பஸ், 6.30க்கு மேல மைதானத்துல நிக்க முடியாதவங்க. 6 மணிக்கு கேட் திறந்து, வார்ம் அப் பண்ணி முடிக்கறதுக்குள்ள கிளம்ப வேண்டியதுதான்.

வெயிலையும் யோசிங்க. நம்ம ஊர்ல ஏப்ரல், மே மாசம் 7 மணிக்கெல்லாம் டிராக் சூடாக ஆரம்பிச்சுடுது, நாள்லயே குளிர்ச்சியான நேரம் விடியறதுக்கு முன்னாடி உள்ள அந்த ஒரு மணி நேரம்தான். சென்னை மாரத்தான்ல 42.195 கிலோமீட்டர் முழு ஓட்டத்தை காலையில 4 மணி வாக்குல கிளப்பி விடறாங்கன்னா காரணம் இதேதான். ஜனவரியில சூரியன் வர்றதே ஆறரைக்கு, அதனாலதான் லைட் கேக்கறோம், ஜூன்ல 5.40க்கெல்லாம் வெளுத்துடும், அப்ப லைட் கொஞ்ச நேரம் போதும். நாலு பக்கமும் எரிய வேண்டாம், பெரிய மேட்ச் லைட் எதுவும் வேண்டாம், டிராக்கை சுத்தி ஆள் முகம் தெரியற அளவுக்கு எல்.இ.டி. விளக்கு இருந்தா போதும்.

2023 நவம்பர்ல அரசு "நடப்போம் நலம் பெறுவோம்"னு 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சப்ப எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம், அது நல்ல திட்டம், நடக்கறவங்களுக்கு கண்டிப்பா வேணும். ஆனா டைம் வச்சு ஓடிப் பழக அது பத்தாது, அதுக்கு மைதானம்தான் வேணும்.

மதுரை ரேவதி வீரமணியை எங்க பொண்ணுங்க எல்லாருக்கும் தெரியும். பாட்டி வளர்த்த பொண்ணு, ஷூ வாங்க வழியில்லாம வெறுங்கால்ல ஓட ஆரம்பிச்சவங்க, மதுரையில கோச் கண்ணன் பாத்து பயிற்சிக்கு கூட்டிட்டு வந்தார், 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ல ஆணும் பெண்ணும் சேந்து ஆளுக்கு 400 மீட்டர் ஓடுற 4x400 கலப்பு ரிலே ஓடினாங்க. அந்த டீம்ல இருந்த நாலு பேர்ல மூணு பேர் நம்ம மாநிலம், ரேவதி, திருச்சி பக்கத்து சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். எங்க குரூப்புல எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு வெறுங்கால்ல 400 மீட்டர் ஓடுறதைப் பாத்தா எனக்கு ரேவதி ஞாபகம்தான் வரும், இந்த வருஷம் குடியரசு தின விளையாட்டுப் போட்டியில ஓடணும்னு துடிக்குது. அந்தப் பொண்ணை இருட்டுல பைபாஸ்ல ஓட விட எனக்கு பயமா இருக்கு, வராதேன்னு சொல்லவும் வாய் வரல.

இன்னும் சில விஷயம், சேத்தே சொல்லிடறேன். பெண்கள் டாய்லெட் மைதானத்துல இருக்கு, ஆனா பூட்டியே இருக்கு, சாவி யார்கிட்டன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தரை காட்டறாங்க. மாதவிடாய் நாள்ல வர்ற பொண்ணுங்க இதுக்காகவே அந்த வாரம் முழுக்க வர்றதில்ல. கேட் திறக்கிறப்பவே அதையும் திறந்து, தண்ணி வர வச்சா போதும். குடிதண்ணி குழாய் ஒண்ணு வேணும். அப்புறம் லேன் விஷயம், நடக்கற பெரியவங்க உள்பக்கம் முதல் லேன்ல நாலு பேரா கை கோத்து நடக்கறாங்க, அவங்ககிட்ட சண்டை போட எங்களுக்கு இஷ்டமில்ல. முதல் லேன் ஒரு ரவுண்டு 400 மீட்டர், எட்டாவது லேன் ஒரு ரவுண்டு சுமார் 453 மீட்டர், வெளிப்பக்கம் நடந்தா அவங்களுக்கு நடையும் கூடும், எங்களுக்கு டைமும் சரியா இருக்கும். 1, 2 ஓடுறவங்களுக்கு, 6, 7, 8 நடக்கறவங்களுக்குன்னு ஒரு போர்டு வச்சா யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம முடிஞ்சுடும். விழா நடக்கறப்ப டிராக் மேல லோடு வண்டியை ஏத்தறதையும் தயவு செஞ்சு நிறுத்தச் சொல்லுங்க, ஒரு வளைவுல ரெண்டு இடத்துல அப்படியே உரிஞ்சு வந்திருக்கு, மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்குது.

வாட்ச்மேன் அண்ணா ஒருத்தர்தான் இருக்காரு, ராத்திரி முழுக்க முழிச்சு இருக்கிறவரை நாலரைக்கு கேட் திற, லைட் போடு, டாய்லெட் கழுவுன்னு சொல்றது நியாயமில்ல. காலை நேரத்துக்கு இன்னொரு ஆள் போட்டா, அதுவும் பெண் காவலரா இருந்தா எங்களுக்கு பெரிய பலம். அது முடியற வரைக்கும் எங்க குரூப்புல இருந்து தினம் ரெண்டு பேர் கேட்டுல உக்காந்து ரிஜிஸ்டர் எழுதறோம், வர்றவங்க பேரு, நேரம், கையெழுத்து, எல்லாம் மாசக் கடைசியில மாவட்ட விளையாட்டு அலுவலர்கிட்ட குடுத்துடறோம். மாசக் கட்டணம் வச்சாலும் வேலைக்குப் போறவங்க கட்டறோம், பரீட்சைக்கு படிக்கிற பசங்களுக்கும் ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் மட்டும் வாங்காதீங்க.

ஒரேயடியா முடியாதுன்னா மூணு மாசம் பரிசோதனையா திறந்து பாருங்க மேடம். ரிஜிஸ்டர்ல காலை 6 மணிக்குள்ள எத்தனை பேர் வந்தாங்க, அதுல பெண்கள் எத்தனை பேர்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. முடிஞ்சா ஒரு செவ்வாக்கிழமை 5 மணிக்கு நீங்களே பைபாஸ் பக்கம் வந்து பாருங்க, பெட்ரோல் பங்க்ல இருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் நாங்க இருப்போம்.

இதோட 64 பேர் கையெழுத்து போட்ட மூணு பக்கமும், போன வார மனு ரசீது நகலும் இணைச்சிருக்கேன். தோள்பட்டை உடைஞ்ச அக்காவும் கையெழுத்து போட்டிருக்காங்க, மூணாவது பக்கத்துல கடைசி வரி.

இப்படிக்கு,
காலையில ஓடுறவங்க சார்பா.