அந்த எலக்ட்ரான் எங்கே இருந்தது?

சேலம், அஸ்தம்பட்டி.

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நேற்று ஏற்காடு போய் வந்தோம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது, பிளஸ் டூ படிக்கையில் நீ கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கையில் பாதி உரித்த வாழைப்பழத்துடன் கேட்டாய்: “பீட்டா சிதைவில் அணுக்கருவிலிருந்து வெளியே வரும் எலக்ட்ரான் அதற்கு முன் எங்கே இருந்தது?”

“நியூட்ரானுக்குள்ளேதான்” என்றேன். “அதெப்படி?” என்றாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தப் பதில் தவறு, கண்ணு. வகுப்பிலும் பல ஆண்டுகள் அதையே சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

எலக்ட்ரானை அணுக்கரு அளவுக்குச் சிறிய இடத்தில் அடைத்தால், ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டின்படி அதன் உந்தம் மிகப் பெரிதாக இருந்தாக வேண்டும். கணக்குப் போட்டேன், ஆற்றல் பல கோடி எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. நீ தின்ற வாழைப்பழத்தில் இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம்-40 உமிழும் எலக்ட்ரானுக்கோ அதிகபட்சம் சுமார் 13 லட்சம்தான். உள்ளே அடைபட்டிருந்த ஒன்று இவ்வளவு சாதுவாக வெளியே வர முடியாது.

அது அந்த நொடியில்தான் பிறக்கிறது. குண்டு பல்பின் ஒளி, சுவிட்சைப் போடும் முன் கம்பிக்குள் ஒளிந்திருக்கவில்லை அல்லவா? 1934-இல் இயற்பியலாளர் ஃபெர்மி சொன்னது ஏறக்குறைய இதுதான்: நியூட்ரான் புரோட்டானாகும்போது எலக்ட்ரானும், கூடவே எதிர்நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற நுண்துகளும் உண்டாகின்றன. அந்தத் துகளை முதலில் ஊகித்தவர் பௌலி என்ற இயற்பியலாளர். சிதைவில் ஆற்றல் குறைவதுபோல் தெரிந்ததற்கு விடையாக, 1930-இல் சக விஞ்ஞானிகளுக்கு எழுதிய ஒரு கடிதத்தில்தான் அதைச் சொன்னார். அது சோதனையில் அகப்பட 1956 ஆகிவிட்டது.

என்னை இன்னும் தூங்கவிடாதது வேறொன்று. பொட்டாசியம்-40இன் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 125 கோடி ஆண்டுகள். பூமி உருவாகும் முன்பிருந்தே இருக்கும் ஓர் அணு, உன் கைப்பழத்தில் இன்று சிதைகிறது. பக்கத்து அணு அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் எள்ளளவும் வேற்றுமை இல்லை. அணுவுக்கு மூப்பும் இல்லை. குவாண்டம் இயற்பியல் நிகழ்தகவை மட்டுமே தருகிறது, “ஏன் இன்று?” என்பதற்கு அதில் விடை கிடையாது. இதை நீ கேட்டிருந்தால் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பேனோ!

காப்பித்தூள் அரைத்து அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்துக்குள் நான் போட்ட கணக்குத் தாளும் இருக்கிறது. இந்த முறை நீ சரிபார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா